கம்பெனி மூடும்போது நீட்டுற தாளில் கையெழுத்துப் போடாதீங்க

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்ததுமே எங்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நாங்கள் அந்தக் கம்பெனி ஆட்கள் இல்லை. ஒரகடம் பக்கம் அதற்கு பார்ட்ஸ் செய்துகொடுத்த ஒரு வெண்டார் யூனிட். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை ஆட்களுக்காவது யூனியன், பேச்சுவார்த்தை, டிவி செய்தி என்று இருந்தது. எங்களை கேண்டீனில் உட்காரவைத்து ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

தாளில் ஒரே வரி. சொந்தக் காரணங்களுக்காக வேலையை ராஜினாமா செய்கிறேன்.

"கையெழுத்து போட்டீங்கன்னா இன்னைக்கே செக் வாங்கிட்டுப் போயிடலாம்ணா" என்றார் ஹெச்.ஆர். பையன். வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ் என்று கழுத்தை நெரிக்கும்போது அந்த செக் பெரிதாகத்தான் தெரியும். பாதிப் பேருக்கு மேல் போட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் அந்தத் தாள் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் வருட தொழில் தகராறு சட்டப்படி, நூறு தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள ஆலையை அரசு அனுமதி இல்லாமல் மூட முடியாது. மூடினால் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் நஷ்டஈடும் தர வேண்டும். எல்லாரும் "தானாகவே" விலகிவிட்டால்? அனுமதியும் வேண்டாம், நஷ்டஈடும் வேண்டாம்.

நான் போடவில்லை. மூடல் என்று எழுத்தில் கொடுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். இழுத்தடித்து, கடைசியில் லெட்டர்ஹெட்டில் கொடுத்தார்கள். அந்த ஒரு தாள்தான் பின்னால் சோறு போட்டது.

எப்படி என்றால், இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா என்று ஒன்று 2005-லிருந்து இருக்கிறது. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவருக்கு முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். தானாக விலகியவருக்குக் கிடையாது. கிளை அலுவலகத்தில் கேட்டால், கவுன்ட்டரில் இருந்தவர் "அப்படி எதுவும் இல்லையே சார்" என்று அடல் பீமித் வியக்தி ஃபாரத்தை எடுத்துக் கொடுக்கிறார். அது வேற திட்டம், 90 நாளோடு முடிந்துவிடும். இரண்டு வருஷம் எங்கே, மூன்று மாதம் எங்கே! அந்த ஃபாரத்தை நிரப்பாமல் திரும்பி, இஎஸ்ஐ இணையதளத்தில் இருந்த திட்ட விவரத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேலாளரிடமே காட்டினேன். அவர் படித்துப் பார்த்து, ஃபாரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி இஎஸ்ஐ-யை விட்டு ஏற்கெனவே வெளியே போனவர்களுக்கு இந்தக் கதவும் அடைப்பு.

இன்னொன்று, வேலை போன மறுநாளே இஎஸ்ஐ வைத்தியம் நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. இது தெரியாமல் கைக்காசு போட்டு பிரைவேட்டில் பார்த்தவர்கள் நிறைய.

கிராஜுவிட்டியில் ஒரு சின்ன வெற்றி. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 13,000, சர்வீஸ் 11 வருஷம். சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதை சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் 82,500. வந்த கணக்கில் 71,500. மாதத்துக்கு 30 நாள் என்று வகுத்திருக்கிறார்கள்! கிராஜுவிட்டி கேட்கும் விண்ணப்பமான ஃபாரம் ஐ-யை ஹெச்.ஆர். கையில் வாங்க மறுத்ததால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்ததும் அதன் நகலோடு தொழிலாளர் துறைக்குப் போகப்போகிறேன் என்று ஒரு மெயில் தட்டினேன். மீதி 11,000 அக்கவுன்ட்டில் ஏறியது.

பி.எஃப். எனக்குச் சுலபமாக முடிந்தது. பத்து வருஷம் தாண்டினால் பென்ஷன் பங்கு ரொக்கமாக வராது, சர்டிஃபிகேட்தான் வரும், அதை பத்திரமாக வையுங்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் பாடுதான் திண்டாட்டம். பழைய கான்ட்ராக்டர் விலகல் தேதியே ஏற்றியிருக்க மாட்டார். கடைசி சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் நீங்களே ஆதார் ஓ.டி.பி. போட்டு ஏற்றிக்கொள்ளலாம், அவரிடம் போய்க் கெஞ்ச வேண்டாம்.

ஆனால் 2017 அக்டோபருக்கு முன் வாங்கிய பழைய யுஏஎன் என்றால் பெயர்த் திருத்தத்துக்குப் பெரும்பாலும் கம்பெனி கையெழுத்து வேண்டும். நம் ஊரில் இனிஷியல் ஆதாரில் முன்னால் இருக்கும், பி.எஃப்.-இல் பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுசாக இருக்கும். கேட் திறந்திருக்கும்போதே, ஹெச்.ஆர். நாற்காலியில் ஆள் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள். என்னோடு ஒரே லைனில் நின்றவர் ஒருவர் ஒரு இனிஷியலுக்காக இன்னும் அலைகிறார். கையெழுத்துப் போட வேண்டிய அந்தப் பையனும் அவரைப் போலவே வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.