பெனால்டி கார்னர்: நம் ஹாக்கியின் இன்றைய உயிர்நாடி

ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வென்றது இந்திய ஆண்கள் அணி. கடைசியாக 1980 மாஸ்கோவில், வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில். 1976 மான்ட்ரியாலில் செயற்கைத் தரை வந்தபோதே ஆட்டம் மாறிவிட்டது. அங்கே நமக்கு ஏழாமிடம்.

இன்று நம் பலம் பெனால்டி கார்னர்; அதாவது, எதிரணி தன் கோலருகே விதிமீறும்போது கிடைக்கும் கோல் வாய்ப்பு. கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளிப் பந்தைத் தள்ளிவிட வேண்டும். அது கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்கு வெளியே போய் வந்த பிறகே கோலடிக்கலாம். ஓங்கி அடிக்கும் முதல் ஷாட் 460 மி.மீ. உயரத்துக்குள் கோல்கோட்டைக் கடக்க வேண்டும். மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. அதனால்தான் மேல்மூலை திறக்கிறது.

பெரும்பாலும் சொதப்புவது வீச்சல்ல, தள்ளிவிட்ட பந்தைச் சக வீரர் நிறுத்துவதுதான். பந்து சற்றே துள்ளினாலும் போதும், பாய்ந்து வரும் தடுப்பாளர் கோணத்தை அடைத்துவிடுவார். 2024 பாரிஸ் வெண்கலப் போட்டியில் ஹர்மன்பிரீத் சிங்கின் இரு கோல்களும் பெனால்டி கார்னரில் வந்தவையே.