நூறால் பெருக்காதீங்க மாமா

பிள்ளைக்கு ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்தது தெரிந்தால், குமரி மாவட்டத்து வீடுகளில் அன்று சாயங்காலமே ஒரு மாமா ஆஜராகிவிடுவார். சவுதியிலோ ஓமனிலோ இருபது வருஷம் இருந்து வந்தவர். மார்த்தாண்டமானாலும் தக்கலையானாலும் ஈத்தாமொழியானாலும் மாமா ஒரே அச்சு. கட்டஞ்சாயா கைக்கு வந்ததும் முதல் கேள்வி: "ரூம் கம்பெனி குடுக்கும்லா?"

படிக்கப் போகிற பிள்ளைக்கு ஏது கம்பெனி? "செரி, அப்ப காலேஜ் குடுக்கும்." குடுக்காது. "சாப்பாடு?" அதுவும் கைக்காசு. மாமா டம்ளரைத் திண்ணையில் வைத்துவிடுவார். அவர் பார்த்த வெளிநாட்டிலிருந்து மூன்றாம் மாசமே வீட்டுக்குப் பணம் வந்தது. இந்த வெளிநாட்டுக்கு முதல் வருஷம் முழுக்க வீட்டிலிருந்துதான் பணம் போகும். இது அவருக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி பட்ஜெட் போட்ட மாதிரி.

மீதிப் பாதிக்கு நாள்காட்டியின் பின்பக்கம் போதும்.

விசாவுக்கு ஒரு வருஷச் செலவை முன்கூட்டியே கட்டிவைத்துக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. பிளாக்ட் அக்கவுன்ட் என்ற அந்தக் கணக்கிலிருந்து மாசம் 992 யூரோதான் வெளியே வரும். "பன்னெண்டு லெட்சத்த அவன்கிட்ட குடுத்துப்போட்டு, அவன் தந்தா வாங்கணுமாக்கும்!" என்று மாமா கொதிப்பார். குலசேகரம் பக்கத்து மாமாவாக இருந்தால் விளக்குவது எளிது. ரப்பர் மரத்துக்குள் பால் எவ்வளவு இருந்தாலும் சிரட்டையில் சொட்டியதுதான் அன்றைக்குக் கணக்கு. பணம் பிள்ளையுடையதுதான், ஆனால் ஒரே நாளில் வெட்டி எடுக்க முடியாது.

இந்தப் பணத்தை அனுப்பும்போதே முதல் சொதப்பல் நடக்கும். 11,904 வேண்டும் என்றதும் மிகச் சரியாக 11,904 அனுப்புவார்கள். நடுவில் இருக்கிற வங்கி ஒன்று இருபது யூரோவைக் கிள்ளிக்கொள்ளும். போய்ச் சேருவது 11,884. இருபது குறைந்தால் உறுதிச் சான்று வராது, சான்று வராமல் விசா ஃபைல் நகராது. அந்த இருபதை அனுப்ப, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது நிரப்புகிற ஏ2 படிவம் மறுபடி ஒன்று, மறுபடி ஒரு கட்டணம். அனுப்புகிற கட்டணமெல்லாம் அனுப்புகிறவர் தலையில் என்று சொல்லும் 'ஓ.யு.ஆர்.' கட்டத்தில் டிக் போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு ஐம்பது யூரோ அதிகமாகப் போடுங்கள். கணக்கு திறக்கும் கட்டணம் இதற்கு வெளியே.

சொந்தப் பணமாக ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டி அனுப்பினால், தாண்டிய தொகைக்கு டி.சி.எஸ். என்ற முன்வரியை வங்கியிலேயே பிடிப்பார்கள். வங்கிக் கல்விக்கடனிலிருந்து போனால் பிடிப்பதில்லை. பிடித்ததும் தொலைந்த காசல்ல, வருமான வரிக் கணக்கு காட்டும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் இல்லாமல்தான் ஓட்ட வேண்டும். சீட்டு எடுத்தும் நகையை வைத்தும் கூட்டிய தொகை என்றால் இதை முதலிலேயே கணக்கில் சேர்ப்பது நல்லது.

இனி மாசக் கணக்கு. நடுத்தரமான ஊர் ஒன்றில் அறை வாடகை 400 என்று வைப்போம். முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கான பொது மருத்துவக் காப்பீடு சுமார் 145. செமஸ்டர் கட்டணம், பஸ் ரயில் டிக்கெட்டும் சேர்த்து 330 என்றால் மாசத்துக்கு 55. வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் 18.36. இது ஆளுக்கல்ல, வீட்டுக்கு. மூன்று பேர் சேர்ந்து இருந்தால் தலைக்கு 6. ("எங்க வீட்ல டி.வி.யே இல்ல" என்று கடிதம் போட்டுப் பயனில்லை. டி.வி. இல்லாத வீட்டுக்கும் உண்டு.) போன் 10. சமைத்துச் சாப்பிட்டால் சாப்பாடு 220. சோப்பு, சீப்பு, முடிவெட்டு வகையறா 35. கூட்டினால் 871. 992-ல் கழித்தால் மிச்சம் 121.

இந்த 121-தான் பட்ஜெட். மேலே உள்ளதெல்லாம் நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் போகிற பணம்.

மாமா இந்த இடத்தில்தான் பெருக்கத் தொடங்குவார். யூரோ நூறு ரூபாய்க்கும் மேல் என்பதால் பெருக்குவதும் சுகமாக இருக்கும், ரெண்டு பூச்சியம் சேர்த்தால் போதும். "ஒரு முடிவெட்டுக்கு இருபது யூரோ... ரெண்டாயிரமா! எட்டி, மருமவளுக்கு நீயே ரெண்டு வெட்டு வெட்டி அனுப்பு." பெருக்கல் வியாதி பிள்ளைக்கும் தொற்றும். முதல் இரண்டு மாசம் கேன்டீனில் நாலு யூரோ சாப்பாட்டை நானூறு ரூபாய் என்று பார்த்துவிட்டு, அறைக்கு வந்து ரொட்டியைத் தண்ணீரில் முக்கித் தின்னும். ஆறாம் மாசம் பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போய், எதையும் பார்க்காமல் வாங்க ஆரம்பிக்கும். முதலாவதில் உடம்பு போகும், இரண்டாவதில் காசு போகும். பெருக்குவதை விட்டுவிட்டு 121-ல் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேன்டீனில் நாலு யூரோ சாப்பாடு ஏற்கெனவே 220-க்குள் அடங்கிவிட்டது, அதைத் தொட வேண்டாம். டிக்கெட் இல்லாமல் ரயிலில் பிடிபட்டால் அபராதம் 60. அது 121-ல் பாதி. இப்போது பயம் சரியான இடத்தில் வரும்.

ஊர் மாறினால் கணக்கே மாறும். கெம்னிட்ஸ் மாதிரி ஊரில் பகிர்ந்த வீட்டில் ஓர் அறை 300 சுற்றிக் கிடைக்கலாம். மியூனிக்கில் 750 கேட்பார்கள். மேலே உள்ள கணக்கில் 400-ஐ அடித்து 750 போட்டால் மொத்தம் 1,221. மிச்சம் 121 போய், மாசம் 229 துண்டு விழும். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று ஊரெல்லாம் சொன்னதையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது. மாணவர் விடுதிகளை நடத்தும் ஸ்டூடியரெண்டன்வெர்க்கில் அறை மலிவு. அதனாலேயே வரிசை நீளம். அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே விண்ணப்பம் போட வேண்டும். மாமா வந்து போன பிறகு போடலாம் என்றால் ஒரு செமஸ்டர் போய்விடும்.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது மாசக் கணக்கில்லை, முதல் மாசம். வாடகை 400. டெபாசிட், அதாவது கவுட்சியோன், சூடாக்கும் செலவு முதலியவை சேராத 'குளிர் வாடகை'யில் மூன்று மாசம் வரை கேட்கலாம். குளிர் வாடகை 320 என்றால் 960. செமஸ்டர் கட்டணம் 330 ஒரே தவணை. காப்பீடு 145. மெத்தை விரிப்பு, சட்டி பானை, குளிர் கோட்டு 200. சமையல் சாமானெல்லாம் புதிதாக வாங்குவதால் சாப்பாடு 250. போன் 10. மொத்தம் 2,295. சிரட்டையில் விழுவது 992.

அந்த 992-ம் இறங்கிய அன்றே விழாது. அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும். வங்கியில் பெரும்பாலும் முகவரிப் பதிவுச் சீட்டு கேட்பார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட குடிவந்த சான்று, அதாவது 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' வேண்டும். (சொல்லி முடிப்பதற்குள் களியக்காவிளையில் ஏறிய பஸ் மார்த்தாண்டம் வந்துவிடும்.) பெரிய ஊர்களில் அந்த அலுவலகத்தில் நாள் கிடைக்கவே மூன்று வாரம் ஆகலாம். அதனால் பிளாக்ட் அக்கவுன்ட் போக, நோட்டாகவும் ஃபாரெக்ஸ் கார்டாகவும் 1,500 யூரோவாவது கையில் வேண்டும். பட்ஜெட்டில் இந்த வரி விட்டுப்போன பிள்ளைதான் பத்தாம் நாள் ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, கேமராவை மட்டும் ஆஃப் பண்ணி வைத்திருக்கும்.

டெபாசிட்டை மூன்று சம மாசத் தவணையாகக் கட்டும் உரிமை அந்த நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் தவணை குடியேறும்போது. 960 ஒரே அடியாகப் போவதற்குப் பதில் 320 போகும், முதல் மாசம் 1,655-ல் நிற்கும். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் கேட்கக் கூச்சப்படுவார்கள். வீட்டுக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கைக்கு வராமல் யாருக்கும் டெபாசிட் அனுப்பக் கூடாது. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று ஒருவர் மிக அன்பாக எழுதினால் அது திருட்டு.

இதற்குள் அடுக்களையில் இன்னொரு மாநாடு தொடங்கியிருக்கும். பெட்டியில் என்ன வைப்பது? இதில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் குமரிக்காரர்களுக்கென்றே எழுதினது மாதிரி இருக்கும். இறைச்சிக்கும் பாலுக்கும் தடை. அதனால் நெய், பால்கோவா, பீஃப் ஊறுகாய் எதுவும் கூடாது. ஆனால் மீன் 20 கிலோ வரை போகலாம். கருவாடு சட்டப்படியான பொருள்! தேன் 2 கிலோ வரை. மார்த்தாண்டம் தேன் தாராளமாகப் போகலாம். பயிர்ச் சான்று இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்து: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். மட்டி வாழைப்பழத்துக்கு அனுமதி உண்டு, போய்ச் சேரும்போது பழமாக இருக்குமா என்பது வேறு விஷயம். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை, காயவைத்துப் பொடித்துவிடுங்கள். கொப்பரை எளிதில் தீப்பிடிக்கிற பொருள் என்று விமானத்தில் மறுப்பார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் போகிற டிக்கெட் என்றால் கசகசா ஒரு கரண்டிகூட வேண்டாம். அமீரகத்தில் அது தடைசெய்த பொருள். இதை மாமாவே சொல்லுவார், சொல்லிவிட்டு ஒரு சுற்று நிமிர்ந்து உட்காருவார்.

குக்கர் எடுத்தால் இன்டக்‌ஷனில் ஓடும் ஸ்டீல் குக்கர். அலுமினியக் குக்கரை அங்கே பல அடுப்புகள் கண்டுகொள்ளாது. மிக்சி ஓடும், மின்னழுத்தம் இங்கே உள்ளதுதான், பிளக் மட்டும் சேராது. குளிர் கோட்டை நாகர்கோவிலில் தேடி வாங்க வேண்டாம். மைனஸ் ஐந்து டிகிரிக்கு ஆன கோட்டு, முப்பது டிகிரி ஊரில் கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்க்கிற பொருளல்ல. அங்கே பழைய பொருள் சந்தையில் முப்பது யூரோவுக்கு நல்லதாகவே கிடைக்கும். மங்கி குல்லா மட்டும் அம்மா எப்படியும் வைத்துவிடுவார், அதைத் தடுக்க முடியாது.

சாப்பாட்டில் 220-க்குள் நிற்பது தேங்காயைப் பொறுத்தது. நம்மூர்க் குழம்பு தேங்காய் அரைக்காமல் நகராது. அங்கே ஆசியக் கடையில் முழுத் தேங்காய் வாங்கினால் விலையும் கூடுதல், உடைத்தால் பாதி அழுகலாகவும் இருக்கலாம். துருவி உறையவைத்த பாக்கெட் வாங்கினால் வீணாகாது. மரச்சீனியும், அதாவது மரவள்ளிக் கிழங்கும், உறையவைத்துக் கிடைக்கும், ஆப்பிரிக்கக் கடைகளில் பாருங்கள். நம் விளையில் எலி தின்று மிச்சம் வைப்பதை அங்கே தராசில் நிறுத்து வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடல். சனிக்கிழமை மறந்தால் ஞாயிறு வெளியே சாப்பிட வேண்டிவரும், அந்தச் சாப்பாடு 121-ல் கை வைக்கும்.

டெபாசிட் திரும்ப வராமல் போவதற்கும் நம் சமையலுக்கும் தொடர்பு உண்டு. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவைத்து, உள்ளே சோறு வடித்து, துணியும் காயப்போட்டால் ஈரம் சுவரில் ஏறிப் பூசணம் பிடிக்கும். சுவரைச் சரிபண்ணும் செலவை டெபாசிட்டில் பிடிப்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் விட்டுச் சாத்த வேண்டும். லேசாகச் சாய்த்து நாள் முழுக்க விட்டால் சுவர் குளிர்ந்து இன்னும் மோசம், ஹீட்டர் செலவும் கூடும். அந்தச் செலவு வருஷம் முடிந்த பிறகு தனி ரசீதாக வரும். மாசாமாசம் கட்டியது முன்பணம்தான்.

"வேல செய்யலாம்லா?" மாமா கடைசி நம்பிக்கையாகக் கேட்பார். செய்யலாம். வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். 2026-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90, மினிஜாப் என்ற சிறு பகுதிநேர வேலைக்குச் சம்பள உச்சவரம்பு மாசம் 603. மாசம் 43 மணி நேரத்தில் அந்த வரம்பு நிறைந்துவிடும். ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் முதல் சில மாசத்தில் வேலை கிடைப்பது அதிர்ஷ்டம். முதல் வருஷ பட்ஜெட்டில் சம்பளத்துக்கு எதிரே பூச்சியம் போடுங்கள்.

மாமா பூச்சியத்தைப் பார்த்தபடி இருப்பார். அவர் மனசைத் தேற்றுவதற்காக, "அங்க காலி பிளாஸ்டிக் குப்பியைக் கடையில மெஷினுக்குள்ள போட்டா ஒண்ணுக்கு இருபத்தஞ்சு சென்ட் திரும்பக் கிடைக்கும் மாமா" என்று பிள்ளை சொல்லும். வாங்கும்போது தானே கொடுத்த முன்பணம்தான் அது என்று சொல்வதற்குள் மாமா நிமிர்ந்துவிடுவார்.

"ஒரு குப்பிக்கு இருபத்தஞ்சு ரூவாயா! பழைய சாமான் எடுக்குற நம்ம ஆக்கர் கடைக்காரன் ஒரு கிலோவுக்குக்கூட இத்தற தரமாட்டானே." ஆறிப்போன கட்டஞ்சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாள்காட்டியின் பின்பக்கத்தைத் தம் பக்கம் திருப்பி எழுதத் தொடங்குவார். "செமஸ்டருக்கு முந்நூத்தி முப்பது... அப்ப ஆயிரத்து முந்நூத்தி இருவது குப்பி. மக்களே, உன் ரூம் பக்கத்துல பார் உண்டுமா?"