ஆரல்வாய்மொழிச் சுவர்: எல்லை வேலி எங்கே தோற்கும்?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் ஆரல்வாய்மொழி. காற்றாலைகளைப் படமெடுக்க நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். கணவாய்க்குக் குறுக்கே திருவிதாங்கூர் எழுப்பிய கோட்டைச் சுவரைத் தேடி வருகிறவர்கள் கொஞ்சம். சுவர் இப்போது துண்டு துண்டாகத்தான் மிச்சம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், எங்கும் முள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று ஆளையே தள்ளும்.

எல்லையில் வேலி போட்டால் ஊடுருவல் நின்றுவிடுமா என்று வாதாடுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

1741 குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியானார். நாஞ்சில் நாட்டின் கிழக்கு அரணைப் பலப்படுத்தியவர் அவரே. மலைக்கும் மலைக்கும் நடுவே சுவர், இடையிடையே பீரங்கி மேடைகள், வெளிப்புறம் அடர்ந்த முள்வேலி. கடலோரத்தில் வட்டக்கோட்டை, அதன் மதில் சுமார் 25 அடி உயரம், இன்றும் நன்றாகவே நிற்கிறது. ஆனால் 1809இல், ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்த திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயை அடக்க செயின்ட் லெஜர் தலைமையில் வந்த கம்பெனிப் படை சுவரில் போய் முட்டிக்கொள்ளவில்லை. ஒரு பிரிவு இரவோடு இரவாகத் தெற்கு மலையில் ஏறிப் பக்கவாட்டில் இறங்கியது. பிப்ரவரி 10 விடிகாலையில் அரண் கைமாறிவிட்டது. ஏற முடியாது என்று நம்பி விட்ட மலைதான் வழியாயிற்று.

இன்றைய வேலிகளுக்கும் நோய் அதேதான். இந்திய வங்கதேச எல்லை 4,096 கிலோமீட்டர். அதில் 3,200 கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டாயிற்று. மிச்சத்தில் ஆறு, சதுப்பு, நிலம் எடுக்க முடியாத ஊர்கள். 1975 ஒப்பந்தப்படி எல்லைக்கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் எழுப்பக் கூடாது. அதனால் வேலி உள்ளே தள்ளிப் போகிறது. வயலும் சில இடங்களில் வீடுமே வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கின்றன. அந்தப் பக்கம் உழுகிறவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் கதவு வைக்க வேண்டும், நேரம் வைத்துத் திறக்க வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும். கதவு வைத்த பிறகு அது வேலிப் பிரச்சினை இல்லை, கதவில் நிற்கிற ஆளின் பிரச்சினை. அசாமில் துப்ரி பக்கம் பிரம்மபுத்திரா கிளை கிளையாகப் பிரிகிற இடத்தில் கம்பம் நட வழியே இல்லை. அங்கே 61 கிலோமீட்டருக்கு 2019இல் கேமராவும் உணர்கருவிகளும் வைத்தார்கள். மற்ற இடங்களில் ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும். முள்கம்பிச் சுருளை வெட்ட ஒரு கட்டர் போதும். வெட்டுகிற நேரத்துக்குள் ரோந்து வந்து சேர்ந்தால் வேலி வேலை செய்தது. வராவிட்டால் அது வெறும் இரும்பு.

பலித்த வேலியும் உண்டு. எகிப்து எல்லையில் இஸ்ரேல் போட்டது அப்படி: 2011இல் சுமார் 17,000 பேர் நுழைந்த இடத்தில் 2013இல் நூறு பேர்கூட இல்லை. ஆனால் அது பாலைவனம், கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, பக்கத்திலேயே ராணுவம். கூடவே நுழைந்தவர்களை நீண்ட நாள் அடைத்து வைக்கும் சட்டமும் வந்தது. அந்தக் கணக்கை வங்காள வயலில் வைத்துப் பார்ப்பது சரிவராது.

வேலியைப் பார்க்காமலே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2010க்குப் பிறகு பல ஆண்டுகள், விசா முடிந்தும் திரும்பாமல் தங்கியவர்கள் எல்லை தாண்டியவர்களைவிட அதிகம் என்பது அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கு. நம் பக்கம் திருப்பூரில் பிடிபட்ட வங்கதேசத்தவர் சிலர் கையில் இருந்தது போலி ஆதார். அதைச் செய்து கொடுக்கும் தரகரை எந்தக் கம்பி தடுக்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு முனை களியக்காவிளைக்கும் போய்ப் பாருங்கள். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் அடிக்கடி உண்டு. கேரளத்தோடான மாநில எல்லைதான், வேலி கிடையாது, சோதனைச்சாவடி மட்டும். ரேஷன் அரிசி கடத்துகிறவர்கள் பெரிய ரோட்டில் கெடுபிடி என்றால் ரப்பர் தோட்ட ஊடுவழியில் திருப்பிவிடுவார்கள். சரக்கு நிற்பதில்லை, தடம்தான் மாறும். காவலுக்கு ஆள் சேர்க்கும்போது இந்தத் தடமாற்றத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடாதவர்கள் ஏமாறுவார்கள்.

கடப்புறத்தில் வேலிக்கு இடமே இல்லை, மாவட்டக் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். ஆஸ்திரேலியா கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி இலங்கைத் தமிழ் அகதிகளிடம் பணம் கறக்கும் தரகர்களுக்குத் தேவை ஒரு பழைய விசைப்படகு. மீன்பிடிக்கப் போகாத படகில் வழக்கத்துக்கு மேல் டீசல், தண்ணீர் கேன், அரிசி ஏறுகிறது, ஊருக்குப் பழக்கமில்லாத ஆட்கள் குடும்பத்தோடு வாடகை அறையில் காத்திருக்கிறார்கள் என்றால் அதை முதலில் கவனிப்பவர்கள் துறையில் வலை பின்னுகிறவர்களும் ஐஸ் ஏற்றுகிறவர்களும். ரோந்துப் படகுக்கு அது தெரிய நேரமாகும். கடலோரக் காவல் குழுமத்தின் கட்டணமில்லா எண் 1093. குளச்சல், முட்டம் பக்கம் போகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.