ஆயாவின் பென்ஷன் கணக்கை முடித்த கதை

ஆயா, அப்பாவைப் பெற்றவள், இறந்தது 11ஆம் தேதி. மாதக் கடைசியில், தாத்தாவுக்குப் பின் அவளுக்கு வந்துகொண்டிருந்த குடும்பப் பென்ஷன் முழு மாதத்துக்கும் கணக்கில் வந்து விழுந்தது. காரியத்துக்கு வாங்கிய கடனை அடைக்கச் சித்தப்பா அதை ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டார். பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கிற தப்பு இது. இறந்த நாள் வரைக்குமான பணம்தான் நமக்கு. மீதியைத் திரும்பக் கேட்பார்கள், கட்டித்தான் ஆக வேண்டும்.

எங்களுக்கு வேலூர்ப் பக்கம் ஊர். கம்மவான்பேட்டை கூப்பிடு தூரம். தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்துக்குப் போன பகுதி இது. தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் சென்டர். அந்த ஆட்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்பார்கள். 1964இல் கல்யாணம். அடுத்த வருஷம் அப்பா பிறந்தபோது தாத்தா பாகிஸ்தான் எல்லையில் இருந்தார். எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. கடிதத்தில் ‘56 ஏ.பி.ஓ.’ என்று மட்டும் இருக்கும். அது ராணுவத் தபாலுக்கான பொது முகவரி. ஆயாவுக்கு அது ஓர் ஊர். “உங்க தாத்தா அப்ப ஐம்பத்தாறுல இருந்தாரு” என்று கடைசி வரை சொன்னாள். நாங்களும் திருத்தவில்லை.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்லண்டு லெட்டரை போஸ்ட்மேனே பிரித்துப் படித்துக் காட்டுவாராம். ஆனால் தாத்தாவின் ராணுவ நம்பர் அவளுக்கு மனப்பாடம். இங்கிலீஷ் எண்களை நாற்று நடவுப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வாள். தாத்தா போன பிறகு பென்ஷன் மாற்ற அலைந்த நாட்களில், கவுன்டரில் நான் பைலைப் புரட்டுவதற்குள் அவள் சொல்லி முடித்திருப்பாள்.

வருஷா வருஷம் உயிர்வாழ் சான்றுதான் பெரிய பாடு. களை பறித்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்துபோன விரல். மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் பதியாது. “நான் இருக்கேன்னு நான் சொன்னா போதாதா?” என்று கோபப்படுவாள். 2021இல் முகத்தைக் காட்டிச் சான்று எடுக்கும் வசதி வந்தது. போனை நீட்டி, “ஆயா, கண்ணைச் சிமிட்டு” என்றேன். “இந்த வயசுல எவனைப் பாத்துக் கண்ணடிக்கச் சொல்ற?” என்று சிரித்தாள். சிரித்ததில் முகம் ஆடி, மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்பைப் பதியும்போது ஆதாரில் இருந்தபடி பெயர் கொடுத்தோம். அங்கேதான் சிக்கல். தாத்தா ராணுவத்தில் கல்யாணத்தைப் பதிந்த காலத்தில் யாரோ ஒரு கிளார்க் ‘அம்மாள்’ என்பதை ‘அம்மா’ என்று எழுதியிருக்கிறார். பென்ஷன் உத்தரவிலும் அதே பெயர். அந்த ஓர் எழுத்துக்காக ‘இரண்டு பெயரும் ஒருவரே’ என்று பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் போக வேண்டியதாயிற்று. பதியப் போகும் முன்பே பென்ஷன் உத்தரவையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் இறப்பைத் தெரிவித்தோம். பணம் போடுகிற அலுவலகம் பிரயாக்ராஜில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னும் அலகாபாத்துதான். எடுத்த பணத்தை முழுதாகக் கட்டிவிட்டு, 11 நாள் பாக்கியைத் தனியாகக் கேட்டோம். ஆயா யாரையும் நாமினியாகப் போடவில்லை. போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். அந்தப் பதினோரு நாள் பணத்துக்கு ஆன ஆட்டோச் செலவைச் சித்தப்பா கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாக மிஞ்சியவை ராணுவ கேன்டீன் கார்டும் மருத்துவ அட்டையும். கார்டை ஒப்படைக்கப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர், நிமிராமலே “நம்பர்?” என்றார். பைலைத் திறக்கவில்லை. வாயில் தானாக வந்தது, ஆயாவின் அதே இழுவையோடு. அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த யூனிட்?”

“தம்பி” என்றேன்.

பக்கத்திலிருந்த நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டார்.