செனெகாவின் எறும்புகள்

ரோமானியத் தத்துவஞானி செனெகாவின் 'இயற்கை ஆய்வுகள்' நூல் முன்னுரையில் ஒரே பத்தியை இந்த வாரம் நாலு தடவை படித்துவிட்டேன். எறும்புகளுக்கு மனித அறிவைக் கொடுத்தால், அவையும் ஒரு கதிரடிக்கும் களத்தைப் பல மாகாணங்களாகப் பங்கு போட்டுக்கொள்ளும் இல்லையா என்று கேட்கிறார். ரைன், டான்யூப் ஆறுகள் ரோமின் எல்லையாக இருந்த காலம் அது. நீங்கள் கப்பல் விடுவது, சண்டை போடுவது, அரசு அமைப்பது எல்லாமே பூமி என்ற ஒரு புள்ளிக்குள்தான் என்கிறார்.

இதைச் சொன்னவர் காட்டில் இருந்த துறவி இல்லை. ரோமப் பேரரசர் நீரோவுக்கு ஆலோசகராக இருந்து, அந்தப் புள்ளியை ஆளத் துணைநின்றவர். அரண்மனையை விட்டு விலகிய கடைசி வருடங்களில் எழுதியது. அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது. கி.பி. 65-இல் நீரோவின் உத்தரவால் உயிரை விட்டார்.

நேற்று ராத்திரி அடுப்பு மேடையில் எறும்பு வரிசை. துடைக்கத் துணி எடுத்தவள், ஓர் அவலை மூன்று எறும்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.