பிக்அப் கியர்பாக்ஸ் சூடு: கூலர் வாங்கியது அவசரம்

மலேசியாவின் கெந்திங் மலை ஏற்றத்தில், கோ தோங் ஜெயாவைத் தாண்டியதும் கியர் ஆயில் சூட்டு விளக்கு எரிந்தது. பத்துமலையில் சாமி கும்பிட்டுவிட்டு நேராக மலையேறியிருந்தோம். ஓரங்கட்டி நியூட்ரலில் போட்டு எஞ்சினை ஓடவிட்டேன். அணைத்துவிட்டால் பம்பும் நின்றுவிடும், ஆயில் ரேடியேட்டருக்குப் போய் ஆறாது. கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. "சாமிக்குத் தேங்காய் உடைச்சீங்க மாப்ளே, வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழமாவது வச்சீங்களா?" என்றார் மாமியார்.

வண்டி 3 லிட்டர் டீசல், ஐந்து கியர் ஆட்டோ, பின்னால் கேனப்பி என்கிற மூடி. முன்பு வைத்திருந்தவர் 265/70 டயரைக் கழற்றிவிட்டு 265/75 போட்டிருந்தார். 16 அங்குல ரிம்மில் விட்டம் 777 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆகிறது, அதாவது 3.4 சதவீதம் கூடுதல். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது.

சிங்கப்பூர் திரும்பியதும், வண்டியின் கணினியைப் படித்துச் சொல்லும் ஓபிடி டாங்கிள் ஒன்றைச் செருகி, ஆயில் சூட்டைப் போனில் பார்க்க ஆரம்பித்தேன். தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும்போது 94 டிகிரி. மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தபோது 113.

94 ஏன் என்பது சீக்கிரம் புரிந்தது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் எதிர்ப்பக்கத்து விசிறியைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் இடையிலான வேக வித்தியாசம்தான் சூடாகிறது. வேகம் பிடித்ததும் லாக்கப் கிளச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும், சூடும் இறங்கும். நம் ஊரில் பிக்அப் மாதிரிச் சிறிய சரக்கு வண்டிக்கு விரைவுச்சாலையில் 70-தான் உச்சம். பெரிய டயரால் எஞ்சின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) இன்னும் குறைய, கியர்பாக்ஸ் நாலா ஐந்தா என்று தடுமாறிப் பூட்டைப் போட்டுப் போட்டு எடுத்தது. பழைய சைஸ் டயருக்கே மாறினேன், 94 என்பது 89 ஆனது. கடற்பாலத்தில் மட்டும் அசையவில்லை.

இங்கேதான் அவசரப்பட்டேன். ரேடியேட்டருக்கு முன்னால், ஏர்கானின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கும் முன்னால், தனி ஆயில் கூலர் ஒன்றை மாட்டினேன். விரைவுச்சாலையில் 83. கடற்பாலத்தில் 111! வண்டி ஊரும்போது காற்றை இழுக்க எஞ்சின் விசிறியை விட்டால் வேறு எதுவும் இல்லை. கூலரின் சூடு கண்டென்சரில் அடித்து, உள்ளே ஏர்கானும் குளிரவில்லை. நான் பிழைப்பதே ஏர்கான் சர்வீஸில். இதை யோசிக்காமல் விட்டதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அப்புறம்தான் விசிறியைப் பார்த்தேன். நன்றாகச் சூடான எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சுழற்றினால், விசிறி இறுகலாக நின்றுவிட வேண்டும். என்னுடையது வீட்டு ஃபேன் மாதிரி மூன்று சுற்று சுற்றியது. விசிறியை எஞ்சினோடு இணைக்கும் விசிறி கிளச்சின் முகப்பில் எண்ணெய்க் கசிவு. உள்ளே இருக்கும் சிலிக்கான் எண்ணெய் ஒழுகிப்போனால், சூடானாலும் விசிறி எஞ்சினோடு சேர்ந்து வேகமாகச் சுற்றாது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடுக்கில் டார்ச் அடித்தால் தூசியும் பூச்சியும் கம்பளி மாதிரி. ஊரார் வீட்டு ஏர்கானையெல்லாம் வாட்டர் ஜெட் பிடித்துக் கழுவுகிற கை, சொந்த வண்டியைத் தொட்டதில்லை.

கியர் ஆயில் முதலில் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி வழியாகத்தான் போகிறது. அங்கே தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருந்தால் ஆயில் எப்படி ஆறும்? டேஷ்போர்டு ஊசியோ எல்லா நாளும் நடுவிலேயே நின்றது. சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அசையாதபடிதான் பல வண்டிகளில் அதை அமைக்கிறார்கள்.

காக்கி புக்கிட்டில் தெரிந்த அண்ணனிடம் புது விசிறி கிளச் போட்டு, இடுக்கை எஞ்சின் பக்கமிருந்து மெதுவாகக் கழுவினோம். அதிக அழுத்தம் கொடுத்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அடுத்த சனிக்கிழமை, அதே நெரிசல்: 97.

போன மாதம் மறுபடியும் கெந்திங். தானாகக் கியர் மாறும் டி-யிலேயே (டிரைவ்) விடாமல் இரண்டாம் கியரில் நிறுத்தி ஏறினேன். ஆர்பிஎம் கூடியதால் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றின, கன்வெர்ட்டரில் வழுக்கலும் குறைந்தது. உச்சத்தில் 108, விளக்கு எரியவில்லை. டயருக்கடியில் மாமியார் வைத்த எலுமிச்சம்பழம் வேறு இருந்தது, அதற்கும் கணக்கில் கொஞ்சம் கொடுத்துவிடலாம்.

கூலரைக் கழற்றவில்லை, குழாய் வேலையை மறுபடி செய்யச் சோம்பல். ஆயில் கருத்துக் கருகல் வாடை அடித்ததால் வடித்து மாற்றுகிறேன். ஒரு தடவை வடித்தால் கன்வெர்ட்டரில் இருப்பது வெளியே வராது. இரண்டு முறை ஆகிவிட்டது, நிறம் இன்னும் பழுப்புதான். மூன்றாவது, தீபாவளிக்கு முன்னால்.