25 கண்கள், 24 நாய்கள்: எகிப்தின் சீகா

எகிப்தியர் விளையாட்டு என்றதும் பலருக்கும் பாரோக்களின் செனெட்தான் நினைவுக்கு வரும். 3 வரிசையில் 30 கட்டங்கள் கொண்ட அந்தப் பலகை துட்டன்காமன் கல்லறையிலும் கிடைத்தது. ஆனால் அதன் விதிகள் முழுதாக எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. இன்று ஆடுவதெல்லாம் ஊகித்து அமைத்த ஆட்டம். நைல் கரைக் கிராமத்தவர் நிலத்தில் குழி தோண்டி ஆடிய சீகா அப்படியல்ல. 1836இல் லண்டனில் அச்சான ஒரு நூலிலேயே அதன் விதிகள் விளக்கமாக இருக்கின்றன. பலகையும் வேண்டாம், தாயக்கட்டையும் வேண்டாம். வெள்ளவத்தைக் கடற்கரை போதும்.

அரபியில் குழியைக் ‘கண்’ என்றும் காயை ‘நாய்’ என்றும் சொல்கிறார்கள். நாயும் புலியும் ஆடிய நமக்கு அந்தப் பெயர் அந்நியமில்லை. ஆனால் புலி நாயைத் தாண்டி வெட்டும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். சீகாவில் தாண்டுதலே கிடையாது.

அலை நனைத்துப் போன ஈரமணலில் 5க்கு 5 ஆக 25 குழிகள் தோண்டுங்கள். பெருவிரலின் முதற்கணு அளவு ஆழம், நாலு விரல் இடைவெளி. காய்ந்த மணல் சரிந்து குழிகளை மூடிவிடும். ஆளுக்கு 12 காய். ஒருவருக்குப் புளியங்கொட்டை, மற்றவருக்குச் சிப்பி என்றால் அந்தி வெளிச்சத்திலும் குழப்பம் வராது. வீட்டிலே சீமெந்துத் தரையில் சோக்கால் கீறினாலும் சரி.

முதலில் அடுக்கல். மாறிமாறி, முறைக்கு இரண்டு காய், விரும்பிய குழியில். நடுக்குழி மட்டும் வெறுமையாக இருக்கவேண்டும். அடுக்கும்போது வெட்டு இல்லை. பிறகு நகர்த்தல்: ஒரு காய், ஒரு குழி, நேராக அல்லது பக்கவாட்டாக, மூலைவிட்டமாக நகரக்கூடாது. எதிரியின் காயை உங்கள் இரு காய்களுக்கு நடுவே ஒரே நேர்கோட்டில் நெருக்கினால் அது வெட்டு. வெட்டிய காயாலேயே இன்னொன்றை வெட்ட முடிந்தால் தொடரலாம். எதிரியின் இரு காய்களுக்கு நடுவே நீங்களாகப் போய் நின்றால் வெட்டில்லை. நடுக்குழியில் நிற்கும் காயையும் தொட முடியாது. மூலையில் நிற்பதும் தப்பும், அதை இருபுறமும் நெருக்க இடமில்லை.

புதியவர்கள் நகர்த்தலில்தான் மூளையைச் செலவழிக்கிறார்கள். என் கணிப்பில் ஆட்டத்தில் பாதி அடுக்கலிலேயே முடிந்துவிடுகிறது. வெறுமையான குழி ஒன்றே ஒன்று என்பதால், முதல் நகர்வு அதைத் தொட்டிருக்கும் நான்கு குழிகளில் ஒன்றிலிருந்துதான் வரமுடியும். அவற்றை உள்வாசல்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்ததும் அந்த நான்கையும் பிடிக்க அவசரப்படுவார்கள். அங்கேதான் பிழை. நான்கு ஓரங்களின் நடுக்குழிகளைப் பாருங்கள். எதிரி உள்வாசலில் நிற்க, அவருக்குப் பின்னால் ஓரத்தில் உங்கள் காய் இருந்தால், நீங்கள் நடுவுக்கு வந்த கணமே அவர் நெருக்கப்படுகிறார். ஒரே நகர்வில் மூன்று காய்கள்கூடப் போகலாம். எனவே முதல் முறையிலேயே எதிரெதிர் ஓரங்களின் நடுவில் இரண்டு காயை வையுங்கள். உள்வாசலில் ஒன்று போதும். ஒன்றுமே இல்லாவிட்டால் முதல் நகர்வு உங்களுக்கு வந்தாலும் அசையமுடியாது.

அப்படி ஒருவர் அசைய வழியின்றி நின்றால் எதிராளி இன்னொரு முறை ஆடி வழி திறக்கவேண்டும். முதல் நகர்வு யாருக்கு என்பதை அடுக்கத் தொடங்கும்முன்பே பேசிக்கொள்ளுங்கள், சண்டை அங்கேதான் வரும்.

இந்த ஆட்டத்தின் உண்மையான குறை சுவர் கட்டுதல். ஒருவர் காய்களை வரிசையாக நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரே காயை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தால் யாராலும் வெட்ட முடியாது. அந்த நிலையில் நிறுத்தி, மிஞ்சிய காய்களை எண்ணி வெற்றியைத் தீர்ப்பதுதான் நியாயம்.

கை படிந்தபின் 7க்கு 7 தோண்டி ஆளுக்கு 24 காய் வைக்கலாம். 9க்கு 9 என்றால் ஆளுக்கு 40. அதை அடுக்கவே ஒவ்வொருவருக்கும் 20 முறை வேண்டும். அலை எட்டாத இடமாகப் பார்த்துத் தோண்டுங்கள்.